செவிலில் கதவைத் திறந்து வைத்த மதியம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோடை விடுமுறையில் நடந்தது இது. டெக்சாஸில் பிளானோவிலிருந்து நான், கணவர், நாலு வயது மகள் மூவரும் ஸ்பெயினில் செவில் என்ற பழைய நகரத்துக்குப் பத்து நாள் போனோம்.

எங்கே தங்குவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. பிளானோவில் வீடு வாங்கிய அதே புத்தியோடு நான் எக்செல் ஷீட் போட்டேன். அமைதியான இடமா, பார்க்கிங் உண்டா, குழந்தைக்குப் பாதுகாப்பா என்று பதினொரு கேள்வி. ஊருக்கு வெளியே ஒரு ஃபிளாட் முதல் மார்க் வாங்கியது. கணவரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்ரியானா என்ற பழைய பேட்டையில், சின்னச் சதுக்கத்தை ஒட்டிய தரைத்தள வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"இங்கதான் பால் வாங்கக்கூட டிரைவ் பண்றோம். அங்கயாவது பத்து நாள் நடப்போமே" என்றார்.

"குழந்தையை வெச்சுக்கிட்டு நடுத்தெருவுலயா?" என்று பொரிந்தேன். கடைசியில் அவர் முகத்தைப் பார்த்து அரை மனசாக விட்டுக்கொடுத்தேன்.

போன அன்றே எனக்கு எரிச்சல். ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர், காபிக் கடைத் தட்டுச் சத்தம், பந்து விளையாடும் பிள்ளைகள். நாலு பேர் பேசினால் நாற்பது பேர் பேசுவது போலக் கேட்டது. மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனபோது மகள் பார்த்தவர்களுக்கெல்லாம் கையாட்டினாள். அவர்களும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நாளைக்கே வேறு இடம் மாறிவிடலாம் என்றேன். அவர் பாவம், உடனே ஓட்டல் தேட ஆரம்பித்தார்.

அன்று மதியம் ரசம் வைத்தேன். தாளிக்கும்போது மிளகாய் கருகி ஒரே புகை. அமெரிக்காவில் நம்மவர்களுக்கெல்லாம் உள்ள பயம்தான்: ஸ்மோக் அலாரம் அலறிவிடுமோ என்று ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்து வைத்தேன். பிளானோவில் தினமும் செய்வதுதான். ஆனால் அங்கே நான் திறப்பது பின்கதவை. வெளியே வேலி போட்ட தோட்டம். இங்கே திறந்த கதவு நேராகத் தெருவுக்குப் போகிறது என்பது அப்போது தோன்றவே இல்லை.

இருமி முடித்துத் திரும்பினால் மகளைக் காணோம். கணவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பாப்பா உங்ககூடவா இருக்கா?"

"இல்லையே, உன்கூடதானே இருந்தா!"

உயிரே போய்விட்டது. கையில் கரண்டியோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினேன்.

தெருமுனையில் காலையில் பார்த்த ரொட்டிக் கடைப் பெண், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் ஆட்டிச் சதுக்கத்தைக் காட்டினாள். அங்கே காபிக் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள் என் மகள். சதுக்கத்திலிருந்து பெரிய சாலைக்கு இரண்டு வழி. ஒன்றில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தகப்பன் நின்றார். இன்னொன்றில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி. மகளைக் காணவில்லை என்று எனக்குத் தெரியும் முன்பே அவர்கள் காவலுக்கு வந்து நின்றுவிட்டார்கள்.

"மம்மி, வொய் ஆர் யூ க்ரையிங்?" என்கிறாள் இவள்.

ரொட்டிக் கடைப் பெண் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுது முடித்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு திட்டு! எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் முழுசாகப் புரிந்தது. என் கூடப்பிறந்தவள்கூட என்னை அவ்வளவு உரிமையாகத் திட்டியதில்லை.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கவில்லை என்று உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே போய் அதை அணைத்திருந்தார். இடுப்பில் டவலோடு ஓடி வந்த என் கணவர் அவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டல் தேட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்குப் பிரியம் ரெட்டிப்பானது அன்றைக்குத்தான். மீதி நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவே நிம்மதியாக இருந்தோம்.

இப்போதெல்லாம் பிளானோவில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தையாவது தனியாகச் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தால், அதன் அம்மா வெளியே வரும்வரை நானும் வாசலை விட்டு நகர்வதில்லை. என் மகளுக்காக வழியில் நின்ற அந்த முகம் தெரியாதவர்களுக்கு என்னால் செய்ய முடிந்த கைம்மாறு அது ஒன்றுதான்.