ஓர் ஆணின் கையெழுத்து

இன்று அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. தைராய்டு பரிசோதனைக்காகக் காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் கம்பெனி சீருடையில் ஒரு பெண். மூன்றாவது கர்ப்பம், கலைக்க வேண்டும். டாக்டர் சம்மதித்துவிட்டார். கவுண்டரில் இருந்த பெண்மணிதான் சம்மதிக்கவில்லை.

“ஊட்டுக்காரர் கையெழுத்து எங்க?”

“அவரு உட்டுட்டுப் போயி ரெண்டு மாசம் ஆவுதுக்கா.”

“அப்ப யாராவது ஒரு ஆம்பளைய இட்டுகினு வா.”

வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும், அதுதான் சட்டம் என்றேன்.

“சட்டம் கீதும்மா. எங்களுக்குக் கையெழுத்து வோணும்.”

வேண்டுமானால் நான் போடுகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பெண் என்பது தெரிந்துவிட்டது போலும்.

அந்தப் பெண் வெளியே போய், தான் வந்த ஆட்டோவின் டிரைவரையே அழைத்து வந்தாள். அவர் ‘அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

பிறகு டிரைவர் அவளிடம் கேட்டார்: “ஆமா, உன் பேரு இன்னாம்மா?”

கவுண்டர் பெண்மணி காதில் விழாதவர் போல அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பெண்ணின் முடிவை மதிக்கிற நாடு இது. வாசலில் ஓர் ஆட்டோ நின்றால் போதும்.

உங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்ட் எவ்வளவு தூரம்?