குளிர்பெட்டியில் நாற்பத்து மூன்று

எண்ணி அக்கா என்றால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். சொந்தப் பேரைக் கேட்டால் சம்பளப் பிரிவுகூடத் தலையைச் சொறியும். ரத்த வங்கியில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை. அங்கே இருப்பது கிழட்டுக் கம்ப்யூட்டர். மாடியில் டாக்டர்கள் பார்ப்பது புத்தம் புதிது. இது எழுதுவது அதற்குப் புரியாது. கிழட்டின் பட்டியலைப் புதுசுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்புவது அக்காதான். அனுப்பியதும் குளிர்பெட்டியைத் திறந்து ரத்தப் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். திரையிலும் அதே எண் இருந்தால்தான் தேநீர் குடிப்பார்.

“உன்கிட்ட நாலு வார்த்தை பேசினா, மூணுதான் வந்துச்சுன்னு சொல்லுவே” என்று கணவர் கேலி செய்வார்.

நேற்று ஒரு புரோகிராமர் வந்து, அந்த மாற்றும் வேலை தானாகவே நடக்கும்படி செய்துவிட்டார்.

“இனிமே எண்ண வேணாம்க்கா. மெஷினே பார்த்துக்கும்.”

“சரிங்க” என்றார் அக்கா. தொட்டில் பழக்கம் விடுமா? இன்று காலையும் எண்ணினார். பெட்டியில் நாற்பத்து மூன்று. திரையில் முப்பத்தேழு.

ஒவ்வொரு பையாக ஒத்துப் பார்த்தார். விடுபட்ட ஆறும் நெகட்டிவ் வகை. பழைய கம்ப்யூட்டர் நெகட்டிவ் என்பதற்கு ஒரு சின்னக் கோடு மட்டும் போடும். புதுசு அந்தக் கோட்டைப் பார்த்து, இங்கே ஒன்றும் எழுதவில்லை என்று வரியையே தூக்கி எறிந்திருந்தது.

அப்போது மாடியிலிருந்து போன். நர்ஸ் மூச்சு வாங்கினாள்.

“பிரசவத்துல ரத்தம் நிக்கலக்கா. ஓ நெகட்டிவ் வேணும். திரையில ஒண்ணுகூட இல்ல. வெளியே கேட்டா ரெண்டு மணி நேரம் ஆகுமாம்!”

அக்கா போனைப் பிடித்தபடியே குளிர்பெட்டியைத் திறந்தார்.

“திரைய விடும்மா. நாலு பை என் கண்ணு முன்னாடி இருக்கு. இப்பவே வருது!”

டெக்னீஷியன் பைகளைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

மதியம் புரோகிராமர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, கோட்டுக்குப் பதில் முழு வார்த்தையே போகும்படி திருத்தினார். அக்கா திட்டவில்லை.

“வாங்க, நீங்களும் ஒரு தடவை எண்ணுங்க” என்று பெட்டியைத் திறந்துவிட்டார்.

மாலையில், பிரசவமான அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் வந்து நின்று அழுதார். அக்கா பதறி எழுந்தார்.

“ரெண்டு உசுரும் நல்லா இருக்கில்ல?”

“ரெண்டு இல்லம்மா, மூணு. இரட்டைப் பிள்ளைங்க.”

பத்தொன்பது வருடத்தில் அக்காவின் எண்ணிக்கை தப்பியது அன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டு மறுபடி எண்ணினார்.