கரை ஏறியவள்

ஒரே மாதிரித் துன்பம் இருந்ததால் சேர்ந்த உறவு, ஒருத்தியின் துன்பம் மட்டும் தீர்ந்துபோனால் அவளை வைத்துக்கொள்ளுமா? பொற்கொடியின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். அவள் அதை இப்படி வாக்கியமாக்கிக் கேட்டவள் அல்ல. ஆனால் ஓசூரில் இருந்த வருடங்களில் பாதியை இந்தக் கேள்வியோடுதான் கழித்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் முத்துக்குமாருக்கு சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாகலூர் ரோட்டை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். ஒரு பக்கத்து வீட்டில் கன்னடம், மறுபக்கம் தெலுங்கு. எதிர்வீட்டில் தமிழ்தான், ஆனால் இவள் பேசும் தமிழைக் கேட்டு அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் விஷயங்கள். சரியாகிக்கொண்டும்தான் இருந்தது, மூன்று வயது லாவண்யாவுக்குப் பொதுக்குழாயடியில் வலிப்பு வந்த அந்தக் காலை வரைக்கும்.

குழந்தை ஈரத்தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து அதன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மற்றவர்கள் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அதன் பிறகு லாவண்யா வாசலுக்கு வந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். சண்டை இல்லை, தப்பாக ஒரு வார்த்தை இல்லை. "புள்ளைங்க பயப்படுதும்மா, அவ்ளோதான்" என்றாள் வீட்டுக்காரம்மா. பயப்படுகிறவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

ஊருக்கு போன் போட்டால் மாமியார், "அங்கன யார்ட்டயும் சொல்லிக்கிடாத. நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பாக்கணும்லா" என்றாள். எடம் பார்க்க வேண்டியவள் அப்போது தரையில் உட்கார்ந்து கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். முத்துக்குமார் நல்லவன்தான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் வீட்டில் பாத்திரம் கூட உருளக் கூடாது. பிள்ளையைத் தவிர யாரோடும் வாய் திறக்காமல் ஒரு முழுப் பகல் போவது பொற்கொடிக்குப் பழகிவிட்டது.

2004இல் ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் கொடுக்க, 'துணைத்தாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தீராத நோயோ ஊனமோ உள்ள பிள்ளைகளின் தாய்மார்களை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைப்பது; அவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, புதிதாக அதே இடத்தில் வந்து நிற்கும் குடும்பங்களுக்கு அனுப்புவது. டாக்டரால் சொல்ல முடியாததை இன்னொரு தாய் சொல்லிவிடுவாள் என்பது எண்ணம். மருந்துக்கடை மாடியில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, சுஜாதா என்ற இளம்பெண் அதை நடத்தினாள்.

முதல் கூட்டத்தில் பொற்கொடி கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். பாகலூர் வெங்கடம்மாள் தன் மகன் மணியை மடியில் போட்டுக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மணிக்கு நடக்க வராது, பேச வராது, வலிப்பும் உண்டு. பேச்சின் நடுவே அவனுக்கு இழுக்கத் தொடங்கியது. பொற்கொடி எழுந்து நின்றுவிட்டாள். மற்ற யாரும் எழவில்லை. பக்கத்திலிருந்தவள் டீ டம்ளரை நகர்த்தி வைத்தாள். வெங்கடம்மாள் மகனை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் கை வைத்திருந்தாள். அடங்கியதும் வாயைத் துடைத்துவிட்டு, "எங்க வுட்டேன்? ஆங், எங்க நாத்தனாரு" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பிறகு நின்றுகொண்டிருந்த பொற்கொடியைப் பார்த்து, "கூர்ச்சோ, கூர்ச்சோம்மா, உக்காரு. படம் முடிஞ்சிருச்சு" என்றாள். ஹாலே சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த வருடம் அவளும் துணைத்தாய் ஆனாள். பாகலூர், தேன்கனிக்கோட்டை, ஒருமுறை அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தாள். போன வீடுகளில் அவள் ஆறுதல் சொன்னதில்லை. "நீங்க நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். பெரிய சேவை என்று சொல்வதற்கில்லை. தன் வரவை எதிர்பார்த்து ஒரு வாசல் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தான் போகாத வாரம் அந்த வீட்டுக்காரர்கள் தவித்துப்போனார்கள் என்று கேட்டால் மனதுக்குள் இனிக்கும். ஆனால் அவள் போன பிறகு சில பெண்கள் தூங்கினார்கள் என்பது உண்மை.

இதற்கிடையே லாவண்யாவுக்கு வலிப்பு வரும் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் வராமலே நின்றுபோனது. பெங்களூர் டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, 2007 கோடையில் நிறுத்தினார். "இனிமே வர வேண்டாம்" என்றார்.

"எதுக்கும் ஒருக்கா வந்துட்டுப் போறோமே சார்?" என்று முத்துக்குமார் கேட்டான். டாக்டர் சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அத்திப்பள்ளி வரைக்கும் போனில் ஊரையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வந்தான். லாவண்யா ஜன்னலோரத்தில் கடலை கொறித்தாள். பொற்கொடிக்கும் சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதக் கூட்டத்தில் அவள் முறை வந்தபோது, "அப்படியேதான் இருக்கு" என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

ஒருநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முத்துக்குமார் சுஜாதாவைப் பார்த்து விஷயத்தைக் கொட்டிவிட்டான். சுஜாதா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து கூட்டத்தில் அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தேன்கனிக்கோட்டை ராஜாத்தி, மகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறவள், வாய்த்துடுக்கு அதிகம், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இத்தன நாளா மூச்சு வுடல பாரேன்! நாங்க என்னாடி, கண்ணா வச்சிருவோம்?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"சும்மா சொன்னேன், வுடு. உனக்கென்ன, கரை ஏறிட்ட. எங்களுக்குத்தான் கழுத்துமட்டும் தண்ணி."

சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்த 'உனக்கென்ன' பொற்கொடியின் கூடவே வந்தது. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்காது, ஆனால் மெல்ல வேறு பக்கம் திரும்பும். மாத்திரை பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை. மணிக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததே அவன் வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?" என்று வெங்கடம்மாளிடம் கேட்டாள்.

"உங்கிட்ட சொல்லி என்னா ஆவுது கண்ணு? இத்தன வருசம் பட்டது போதும். நீயாவது நிம்மதியா இரு."

அன்போடுதான் சொன்னாள். குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்கள்கூட அன்பில்லாதவர்கள் அல்லவே. லைன் வீட்டில் இப்போது பிள்ளைகள் லாவண்யாவைத் தேடி வந்து கதவைத் தட்டின. வீட்டுக்காரம்மா பண்டிகைக்குச் செய்த ஒப்பட்டுப் போளி கொடுத்தனுப்பினாள். பொற்கொடி வாங்கி வைத்துக்கொண்டாள். அவர்களோடு பேச அவளிடம் எதுவும் சேர்ந்திருக்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வயதான ஒரு வெள்ளைக்காரர், டெல்லியிலிருந்து ஒரு அம்மாள். இருவருக்கும் தமிழ் தெரியாது. சுஜாதா பொற்கொடியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்கதான் பேசணும். லாவண்யாவுக்குக் குணமானத சொல்லுங்க. அவங்களும் ஒரு நல்ல சேதி கேக்கணும்ல? அடுத்த கட்டத்துல உங்களுக்கு ஆபீஸ்ல வேலை. இப்படி ஊர் ஊரா அலைய வேண்டாம். வர்றவங்களுக்கு உங்க கதையச் சொன்னாலே போதும்."

"அப்ப வீடுகளுக்கு?"

"அதுக்கு வேற அம்மாங்க போவாங்க. இப்ப கஷ்டத்துல இருக்கறவங்க."

பொற்கொடி சரி என்றாள்.

அன்று ஹாலில் விருந்தாளிகளுக்கு நாற்காலி, தாய்மார்களுக்குப் பாய். பொற்கொடியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் எழுந்து பேசினாள். மகளுக்கு மூன்று வயதில் வந்ததைச் சொன்னாள், குழாயடியைச் சொன்னாள். "இங்க வந்த பொறவுதான் நான் மனுசங்ககிட்ட பேச ஆரம்பிச்சேன்" என்றாள். ஒவ்வொன்றையும் சுஜாதா இங்கிலீஷில் சொன்னாள். பிறகு, இப்போது அந்த நல்ல சேதியைச் சொல்லுங்கள் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள்.

பொற்கொடி பாயைப் பார்த்தாள். ராஜாத்தி கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடம்மாள் குனிந்து மகனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் மவளுக்கு இன்னும் வருது" என்றாள் பொற்கொடி. "போன வாரங்கூட வந்துச்சு."

சுஜாதா விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். பிறகு இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். விருந்தாளிகளின் முகம் மலர்ந்தது. வெகுநேரம் கைதட்டினார்கள். பாயிலிருந்து ஒருவரும் தட்டவில்லை.

டீ கொடுக்கும்போது வெங்கடம்மாள் மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக வந்தாள்.

"என்னா பேச்சு அது? வாய்ல நல்ல வார்த்த வராதா உனக்கு? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இவனுக்கு வராம இருந்தா திருப்பதிக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கினு கெடக்கறேன் நானு. கெடச்சவ நீ, வேணாங்கறியா?"

பொற்கொடி மணியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவன் கனம் கூடிவிட்டதால் அப்படி மாற்றி மாற்றித் தூக்குவது அவர்களுக்குள் வழக்கம். வெங்கடம்மாள் அவனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஆபீஸ் வேலைக்கு வேறொருத்தி வந்தாள். பொற்கொடி அடுத்த மாதமும் வந்து பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாள் என்று சுஜாதா கேட்டாள். விஷயம் காதுக்கு வந்து, முத்துக்குமாரும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டான். கோபம் ஆறி நெடுநாள் கழித்து வெங்கடம்மாளே ஒருமுறை, பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். பொற்கொடி ஒருவருக்கும் சொல்லவில்லை.