ஈ மொய்த்த கை

எண்பதுகளில் ஒரு காலை, என் தங்கையைப் பெண் பார்க்க ஒருவர் ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். விவசாய இலாகாவில் பழ ஈக்களைப் பிடிக்கும் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். நெட்டையான மனிதர்; மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உட்கார்ந்தது முதல் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தங்கை கொடுத்த தேநீரை வாங்க அவர் கை நீட்டினார். வாசலில் நின்ற கொய்யா மரத்திலிருந்து ஈக்கள் சன்னல் வழியே வந்து அந்தக் கையில் மொய்த்தன. விரல்களின் தோலே தெரியவில்லை.

"ஐயோ, பொணத்து மேலதான்டா இப்படி மொய்க்கும்!" என்று அம்மா என்னைப் பார்த்து அலறினார். 

அவர் கையை உதறவில்லை. "பயப்படாதீங்கம்மா. காலையில தோட்டத்துல பொறி வச்சேன். அதுல ஈய இழுக்கத் தடவுற மருந்து வாசன சோப்பு போட்டும் போகல லா. வர்றதெல்லாம் ஆம்பள ஈதான்."

"ஆம்பள ஈக்கு உங்க கையில என்ன வேலை தம்பி?"

"இந்த மருந்தத் தின்ன ஈயத்தான் பொம்பள ஈ திரும்பிப் பார்க்கும்மா."

மாப்பிள்ளைகள் முன் தலை நிமிராத தங்கை சிரித்துவிட்டாள். "அப்போ பொம்பள ஈய எப்படிப் புடிப்பீங்க?"

"அது லேசுல மாட்டாதுங்க. ஆம்பள ஈ பூரா மாட்டிக்கிட்டா, பொம்பள ஈ போடுற முட்ட பொரிக்காது. பழம் தப்பிச்சிடும்."

"எனக்குச் சம்மதம்மா," என்றாள் தங்கை.

பிணம் என்ற சொல்லுக்குக்கூட நான் அவ்வளவு அதிரவில்லை. நிச்சயத் தட்டு மாற்றிய அன்றும் அம்மா அவர் கையைப் பார்க்காமல்தான் வாங்கினார். நல்ல வரன்களையெல்லாம் வேண்டாம் என்ற தங்கை அந்தக் கையில் என்ன கண்டாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.