கோறணமேந்து மிளகாய்

போன கிழமை மருமகள் குசினியில் தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தாள். வீடெல்லாம் தும்மல். தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டு மிளகாய். இனி ஒரு செத்தல்கூடக் கப்பலில் வரத் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதை நம்பிக் களத்தில் குதித்த வீரர்களில் நானும் ஒருவன் என்றால் மருமகள் சிரிப்பாள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. படித்துவிட்டு வேலையில்லாமல் யாழ்ப்பாணத்து மதகுகளில் குந்தியிருந்த எங்களுக்கு விசுவமடுவில் காடு வெட்டிக் காணி கொடுத்தார்கள். விதை, பசளை, தண்ணீர் இறைக்க இயந்திரம் எல்லாம் தருவார்கள். நாங்கள் மிளகாய் போட வேண்டும். கடிதம் அரச முத்திரையோடு வந்தது. அதுதான் வினை. எங்கள் ஊரில் அரசாங்கத்துக்குக் கோறணமேந்து என்று பெயர். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்’ என்பது அங்கே வேதவாக்கு. அம்மா கடிதத்தைச் சாமிப்படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, “மோனுக்குக் கோறணமேந்திலை கிடைச்சிட்டுது” என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி வந்தார். வேலையில்லையம்மா, காணி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மண்வெட்டியும் அரசாங்கம் தந்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த மண்வெட்டி முதல் நாளே என் கையைக் கொப்பளமாக்கியது. பேனையைத் தவிர வேறொன்றும் பிடித்திராத கை, பாவம். ஆனால் புதுக்காட்டு மண்ணில் முதல் தண்ணீர் பாயும்போது வரும் வாசம் இருக்கிறதே, அதற்காக எத்தனை கொப்பளமும் தாங்கலாம்.

அம்மாவின் பெருமை கல்யாணம் வரை போய்விட்டது. உருத்திரபுரத்தில் ஒரு பெண், பெயர் பவளம். தகப்பன் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யக் குடியேறியவர். சேற்றில் தான் பட்டது போதும், மகளைக் கமக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று நின்றவர். மாப்பிள்ளை கோறணமேந்து என்றதும் சம்மதித்துவிட்டார். பவளத்தை நான் ஒருமுறை கோயிலில் பார்த்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவள் கிடைக்கமாட்டாள் என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்ப் பழம் ஆய்கிறேன். பஸ்ஸால் இறங்கிய ஒரு வெள்ளை வேட்டிக்காரர் வரம்போரம் வந்து நின்றார்.

“தம்பி, இஞ்சை மிளகாய்க் கந்தோர் எங்கை இருக்கு? எங்கடை மாப்பிள்ளை அதிலை கிளாக்கர்.”

அவருக்கு அனுப்பிய படத்தில் நான் இரவல் கோட்டுப் போட்டிருந்தேன். ஆளை அடையாளம் தெரியவில்லை. ஏதாவதொரு திசையைக் காட்டி அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“ஐயா, அந்த மாப்பிள்ளை நான்தான். கந்தோர் எண்டு ஒண்டும் இல்லை. இந்தத் தோட்டம்தான்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். “வேண்டாம். பஸ் போயிடும்” என்று திரும்பி நடந்தார்.

மூன்று கிழமை ஒரு கதையும் இல்லை. மிளகாய் பழுத்துச் சிவந்து கிடந்தது. எனக்கு ஆய மனமில்லை. பிறகு அவரே மறுபடி வந்தார். “அவள் உம்மைத்தான் கட்டுவாளாம்” என்றார். அன்றைக்குத் தேத்தண்ணி குடித்தார்.

ஏன் என்று கல்யாணத்துக்குப் பிறகு பவளத்திடம் கேட்டேன்.

“கிளாக்கர் எண்டால் மாத்தம் வரும். அக்காவைப் பாருங்கோ, அத்தானோடை ரெண்டு வருசத்துக்கு ஒரு ஊர். சட்டி பானையைக் கட்டிறதும் அவிழ்க்கிறதும்தான் வேலை. மிளகாய்க்காரன் ஒரு இடத்திலை நிப்பான் எண்டு நினைச்சன்.”

நின்றோம். சில வருடம் முற்றம் முழுக்கப் பாய்களில் செத்தல் காய்ந்தது. பிறகு அரசாங்கம் மாறியது, கப்பல் மிளகாய் திரும்ப வந்தது, எங்கள் செத்தலைக் கேட்பாரில்லை. அப்போதும் அவள் அசையவில்லை. கச்சான் கடலை போட்டோம், தென்னை வைத்தோம். கடைசியில் யுத்தம்தான் எங்களைக் கிளப்பியது. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி நான் தள்ள, அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். உடையார்கட்டில் சனம் நெருங்கி, நகர வழியில்லாமல் நின்றபோது சொன்னாள்:

“கிளாக்கரைக் கட்டியிருந்தால், மாத்தத்துக்கு ஒரு லொறியாவது குடுத்திருப்பாங்கள்.”

அந்த இடத்திலும் இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பி வந்தபோது காணியில் பற்றைதான் இருந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கும் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.