தயிர்ச் சட்டிகளும் ஒரு மெழுகுவத்தியும்

மூடியக்காவைத் தெரியாதவர் ஊரில் இல்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களைத் தேடிப்பிடித்து அடைப்பது அவர் வேலை. பழைய குழிகளின் மேல் பலகை போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பலகை உளுத்துப்போகும், மேலே புல் மட்டும் செழிக்கும். அதனால் கல்யாண மண்டபத்தில்கூடக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவருடைய நாத்தனார் தயிர் விற்பவள். வீட்டின் பின்னால் குன்றுக்குள் போகும், வௌவால்கள் தொங்கும் பழைய சுரங்கம்தான் அவளுக்குக் குளிர்ப்பெட்டி. உள்ளே வரிசையாக மரத் தட்டுகள் அடித்துத் தயிர்ச் சட்டிகளை அடுக்கியிருந்தாள். கோடையிலும் சில்லென்று காற்று வரும், தயிர் புளிக்காது. ஒருநாள் அதை அடைக்கும் முறையும் வந்தது.

"ஊரையெல்லாம் அடைச்சு முடிச்சு, கடைசியில என் வயித்துல அடிக்க வந்துட்டீங்களா அண்ணி?"

"உள்ள போனா தலை வலிக்குதுன்னியே, அதான் வந்தேன்."

"வெயில்லேருந்து குளிருக்குப் போனா வலிக்காதா? மெழுகுவத்திதான் தொல்லை. கடைசித் தட்டுகிட்ட போனா அணைஞ்சிடும். நான் விடுவேனா? டார்ச் வாங்கிட்டேன்!"

மூடியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நீளமான கழியின் நுனியில் காற்றைச் சோதிக்கும் கருவியைக் கட்டி, வெளியே நின்றபடியே உள்ளே நீட்டினார். முதல் தட்டுவரை சத்தமில்லை. கடைசித் தட்டு இருந்த பள்ளத்தை நெருங்கியதும் கருவி வீறிட்டு அலறியது.

"என்ன அண்ணி, பேய் பிடிச்சிருச்சா அதுக்கு?"

"அந்தப் பள்ளத்துல கெட்ட காத்து தேங்கி நிக்குதுடி. மெழுகுவத்தி அதைத்தான் சொல்லிச்சு. நீ அதை வேலையை விட்டே தூக்கிட்டே."

நாத்தனார் சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "சட்டியெல்லாம் உள்ள இருக்கே! ஒரே ஓட்டமா ஓடி எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"கால எடுத்து வெச்சுப் பாரு!"

கழியில் கொக்கியை மாட்டி, மூடியக்கா சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். ஒன்று கவிழ்ந்தது. "அது வௌவாலுக்கு" என்றாள் நாத்தனார்.

சுவர் எழுப்பவில்லை. குறுக்குக் கம்பிகள் வைத்த இரும்புக் கதவு போட்டார்கள். வௌவாலும் குளிரும் வந்துபோகலாம், ஆள் நுழைய முடியாது. கதவுக்கு வெளியே, திறந்த வெளியில், தயிருக்குப் புதுத் தட்டு. சாவி மூடியக்காவிடம்.

அடுத்த முறை போனபோது, சட்டிகளுக்கு நடுவே, கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல எதுக்குடி இது?"

"வேலைக்குத் திரும்பச் சேத்துக்கிட்டேன் அண்ணி."