அக்னெஸ் தைத்த கன்னத் திண்டு

அக்னெஸின் கன்னம், துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் கட்டையைத் தொடவில்லை. அவளுடைய குறிகள் மேலும் கீழுமாகச் சிதறியதற்கு அது ஒன்றே காரணம். ஆனால் லவாலில் அவள் போய்வந்த சுடும் கழகத்தில் நாலு வருடமாக வேறு காரணங்களே சொல்லப்பட்டன. பெண்களுக்குத் தோள் பலம் போதாது. இந்த வயதில் தொடங்கினால் இவ்வளவுதான் வரும். உனக்குக் கழுத்து நீளம். குறை எப்போதும் அவளிடம்தான் இருந்தது. கட்டையில் இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அவள் மன்னாரில் பிறந்தவள். இப்போது, பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தின் வில்லரேப் பகுதியில், சோபா திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை. கழகத்தினர் படுத்துச் சுடும் பாய்களைத் தைக்கக் கொடுத்திருந்தார்கள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, “ஒருமுறை சுட்டுப் பாருங்களேன்” என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். அவள் விளையாட்டாக எடுக்கவில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி. மிளகு அளவு ஈயக்குண்டு. பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி வட்டம். மூச்சை அடக்கி விசையை இழுத்த அந்தக் கணத்தில் உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அதற்காகவே அடுத்த கிழமையும் போனாள். பிறகு கழகத்தை விட்டு விலகிய ஒருவரிடமிருந்து ஒரு பழைய துப்பாக்கியை வாங்கினாள்.

பங்குக் கோவிலில் பாடகர் குழுவை நடத்தும் அல்போன்சம்மா, ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய்க்கு முன்னால் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரில துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச வந்து அதைத் தூக்கிக்கொண்டு திரியிறாயாம்?”

“அது ஆக்களைப் பாத்துச் சுட்டது, அக்கா. இது கடதாசியைப் பாத்து. கடதாசிக்குத் தாய் தேப்பன் இல்லை.”

அல்போன்சம்மா ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, விடமாட்டாய். மடுமாதா பதக்கம் ஒண்டு தாறன், பிடியில கட்டிவிடு. குறி தப்பாது.”

“தாங்கோ, கழுத்தில போடுறன். ஆனா என்ர கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில ரெண்டு விரல் இடைவெளி கிடக்கு. அதை மாதா வந்து அடைக்கமாட்டா. நான்தான் அடைக்க வேணும்.”

“வாய்! உந்த வாயாலதான் உனக்கு எல்லாம்” என்றார் அல்போன்சம்மா. ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இடைவெளியின் கதை இதுதான். குறிபார்க்கும் சிறு துளை கட்டைக்கு மேலே இருக்கிறது. கன்னம் கட்டையில் அமர்ந்தால் கண் தானாகத் துளைக்கு நேரே வரவேண்டும். அந்தக் கட்டையை யாரோ ஓர் ஆணின் முகத்துக்குச் செதுக்கியிருந்தார்கள். அக்னெஸ் துளைக்குள் பார்க்க வேண்டுமென்றால் தலையை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். தாங்கல் இல்லாத தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். குண்டும் அப்படியே போகும்.

கன்னம் வைக்கும் பகுதியை ஏற்றி இறக்கக்கூடிய துப்பாக்கி ஒன்று கழகத்தில் இருந்தது, அலுமாரியில், பூட்டப்பட்டு. கேட்டபோது பயிற்சியாளர் ஜில்பேர் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார்.

“அது அணிக்கு, மேடம். அணியில் சேருங்கள், தருகிறோம்.”

நல்ல கட்டை இல்லாமல் நல்ல புள்ளி வராது. நல்ல புள்ளி இல்லாமல் அணி இல்லை. அணி இல்லாமல் நல்ல கட்டை இல்லை. உலகத்தில் எத்தனையோ கதவுகள் இப்படித்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நிற்பவரைப் பார்த்து, ஏன் நீ உள்ளே வரவில்லை என்று கேட்பார்கள். அதைக் கேட்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜில்பேர் நல்ல மனிதர். பயிற்சியின் இடைவேளையில் அக்னெஸ் போடும் கோப்பியை அவர் எப்போதும் புகழ்வார்.

இந்த வருடம் நிலைமை இறுகியது. சுடும் இடங்கள் குறைவு என்பதால், அணியில் இல்லாதவர்கள் நவம்பரிலிருந்து வேலைநாட்களில் மத்தியானம்தான் வரலாம் என்று கழகம் முடிவெடுத்தது. மத்தியானத்தில் அக்னெஸ் பட்டறையில் இருப்பாள். ஆக, ஒக்டோபர் கடைசி ஞாயிறு நடக்கும் தேர்வில் மிச்சமிருந்த ஓர் இடம் கிடைக்காவிட்டால் அவள் சுடுவது அத்தோடு முடிந்தது.

அவள் அழவில்லை. பட்டறையிலிருந்து ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில், குண்டில்லாத துப்பாக்கியைப் பழைய துவாயின் மேல் கிடத்தினாள். கட்டையின் முதுகில் கடதாசியைச் சுற்றி அளவு வெட்டினாள். முகாமுக்குப் போகிறவர்கள் விரித்துப் படுக்கும் இறுக்கமான பஞ்சுப் பாயில் பட்டைகள் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். மேலே ஆட்டுத்தோல், ஏனென்றால் பிளாஸ்டிக் உறை கன்னத்தைப் பிடித்து இழுக்கும். உட்புறம், வழுக்காமலிருக்க, அலுமாரித் தட்டில் விரிக்கும் றப்பர் வலை. குதிரை முதுகில் சேணம் போலத் திண்டு கட்டையில் ஏறி உட்கார்ந்தது. அடியில் சப்பாத்துக்குப் போல நாடா கோத்து இறுக்கினாள்.

கணவன் றெக்ஸ் சோற்றுக்கோப்பையோடு இடம் தேடினான். “இஞ்சரும், துவக்குக்குத் தலையணை தைக்கிறீர். எனக்குச் சாப்பிட மேசை இல்லை.”

“மடியில வைச்சுச் சாப்பிடுங்கோ. துவக்குக்கு மடி இல்லை.”

அடுத்த பயிற்சியில் திண்டு படுதோல்வி. முதல் சில குண்டுகள் நெருங்கி விழுந்தன. பிறகு கழுத்து வலித்தது, கன்னம் மரத்தது, குண்டுகள் முன்னரைவிட மோசமாகச் சிதறின. ஜில்பேர் பரிவோடு, “நான் சொன்னேன் அல்லவா, கழுத்து” என்றார்.

வீட்டுக்குக் காரில் வரும்போது றெக்ஸ் மெல்லக் கேட்டான். “விடுவமா?”

“பிழை திண்டில. எங்கையெண்டு தெரியேல்லை, அவ்வளவுதான்.”

தெரிந்தது பட்டறையில். முதுகுவலிக்காரர் ஒருவருடைய சாய்கதிரைக்குத் தலைத்திண்டு பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் சொல்வதைப் போல அவரிடமும் சொன்னாள்: “கண்ணை மூடிக்கொண்டு சாயுங்கள்.” கண் திறந்திருந்தால் ஆட்கள் கதிரைக்கு மரியாதை கொடுப்பார்கள். எங்கே திண்டு இருக்கிறதோ அங்கே தலையைக் கொண்டுபோய் வைத்து, சுகமாக இருக்கிறது என்பார்கள். மூடினால்தான் தலை தன் சொந்த இடத்துக்குப் போகும். அந்த மனிதர் கண்ணை மூடிச் சாய்ந்தார். அக்னெஸ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் வீட்டில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்களை மூடி, தலையைக் கன்னத் திண்டில் விட்டாள். கண்ணைத் திறந்தாள். துளை கீழே கிடந்தது. அன்றைய பயிற்சி முழுக்கக் கழுத்தைக் கீழே அழுத்தி அழுத்தி அதை எட்டிப் பிடித்திருக்கிறாள்.

“என்னப்பா சிரிக்கிறீர்?” என்றான் றெக்ஸ்.

“பழக்கதோசம். சோபா மெத்தைக்கு எப்பவும் ஒரு பட்டை கூட வைப்பன், இருக்க இருக்க அமுங்கும் எண்டு. இதுக்கும் வைச்சிட்டன். இந்தப் பஞ்சு அமுங்காத சாதி. அது அமுங்கேல்லை, என்ர கழுத்து அமுங்கிப் போச்சு.”

“எங்கட வீட்டில எல்லாம் அப்பிடித்தான். சாமான் அசையாது, நான் அசையிறன்.”

தையலைப் பிரித்து ஒரு பட்டையை உரித்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள். இன்னும் கொஞ்சம் உரசி மெலிதாக்கினாள். மூடினாள், திறந்தாள். துளைக்கு நடுவே, கேட்காமலே, குழல் முனையிலுள்ள முன்குறி வந்து நின்றது.

பல பெண்களை, அனுசரித்துப் போவதே குணம் என்று சொல்லி வளர்க்கிறார்கள். சரியில்லாத ஒன்றுக்குக் கழுத்தை வளைத்துப் பழகிவிட்டால், வலிப்பது ஏன் என்று கேட்கவும் மறந்துபோகும். அக்னெஸ் தைத்ததையே பிரித்தாள். அதுதான் அவளுடைய குணம்.

தேர்வு நாளில் ஜில்பேர் திண்டைப் பார்த்து முகம் சுளித்தார். “வீட்டில் செய்ததா? இது முறையான உதிரிப்பாகம் இல்லையே.”

“எந்த விதியில் கூடாது என்றிருக்கிறது?” அக்னெஸின் பிரெஞ்சு கரடுமுரடானது. கேள்வி அப்படியல்ல.

அவர் யோசித்தார். அப்படியொரு விதி இல்லை என்பது அவருக்கே தெரியும். “தொடங்குங்கள்” என்றார்.

ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். அருகில் நின்றவர் அவள் செபிக்கிறாள் என்று நினைத்திருக்கக்கூடும். அவள் தலையை அதன் சொந்த இடத்துக்கு அனுப்பினாள், அவ்வளவே. கடதாசியின் நடுவட்டம் கிழிந்து ஒற்றை ஓட்டையானது. ஓரிரண்டு குண்டுகள் வெளியே போயின. அவை அவளுடைய சொந்தப் பிழைகள், அவற்றை அவள் ஒப்புக்கொண்டாள். அணியில் மிச்சமிருந்த அந்த நாலாவது இடம் அவளுக்கு.

ஜில்பேர் நேர்மையானவர். கையைப் பிடித்துக் குலுக்கி, அலுமாரியைத் திறந்து, பூட்டியிருந்த துப்பாக்கியை நீட்டினார். “இனி இது உங்களுக்கும்.”

“எனக்கு வேண்டாம். என்னுடையது எனக்குப் பொருந்தியிருக்கிறது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுங்கள். அணியில் இருப்பவர்களுக்கு அல்ல. முதல் நாளே.”

“அது கழக வழக்கம் இல்லை, மேடம்.”

“நான் இப்போது அணியில் இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.”

அவர் தலையசைத்தார். இடைவேளை ஆகியிருந்தது. வழக்கம்போல இரண்டு மூன்று பேர் கோப்பி இயந்திரத்தின் அருகில் நின்று அக்னெஸ் பக்கம் பார்த்தார்கள். அவள் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்குச் சீனி வேண்டாம்” என்றாள்.